இலங்கை அணியின் மூன்றாவது ஆள்

எழுபதுகளின் நடுவில் மெல்பனில் நாங்கள் மூன்று இலங்கைத் தமிழர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சில மணிநேரத் தூரத்து மலையில் பல நாட்டவரும் சேரும் பனிச்சறுக்குப் போட்டி நடக்கிறதென்று கேள்விப்பட்டு, எங்களில் மூத்தவன் நேரே போய் இலங்கை அணி என்று மூன்று பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். பனியே விழாத நாட்டுக்கு ஓர் அணி! என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒருக்கா மேலையிருந்து கீழை வாறதுதானே, மச்சான்" என்றான். நானும் மடையன் மாதிரித் தலையாட்டினேன்.

சரிவில் நட்ட கொடிக்கம்புகள் ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து இறங்கவேண்டும். போட்டியன்று இளையவன் இரண்டாவது கம்பிலேயே விழுந்தான். மூத்தவன் பாதி வழியில் ஒரு சறுக்குக் கட்டையைப் பறிகொடுத்து, நொண்டி நொண்டி இறங்கினான். இருவரும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நானும் விழுந்தால் முடிவுப் பலகையில் இலங்கைக்கு நேரே ஒன்றும் இராது. மேலே அடுத்ததாக நின்றது நான்.

எனக்கு இடப்பக்கம் ஓரளவு திரும்ப வரும். வலப்பக்கம் கடவுள் விட்ட வழி. பாதியில் வலப்பக்கக் கம்பு ஒன்றைத் தவறவிட்டுக் கீழே போய்விட்டேன். அப்படி விட்டால் ஏறிப்போய் அதைச் சுற்றி வரவேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் வராது. கீழே நின்ற இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள்: "ஏறடா! மேலை ஏறு!" எல்லோரும் இறங்கும் சரிவில் நான் மட்டும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏறினேன். கீழே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒருவழியாக எல்லைக் கோட்டைக் கடந்தேன். பலகையின் கடைசி வரியில் இலங்கை என்றும், நேரே என் நேரத்தையும் எழுதினார்கள். கையுறையைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

அழுது முடித்து நிமிர்ந்தால், மற்ற நாட்டுக்காரர்கள் மலை உச்சிக்கு ஏற்றிவிடும் லிஃப்டுக்கு மறுபடி வரிசையில் நிற்கிறார்கள்.

"இவையள் ஏன் திரும்பவும் மேலை போகினம்?" என்று கேட்டேன்.

மூத்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு தரம் இறங்கவேணும், மச்சான். ரெண்டு நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. இனி விழுந்தா இதையும் அழிச்சுப்போடுவினம்."

"உனக்கு முந்தியே தெரியுமோ?"

"ஓம். சொல்லியிருந்தா நீ வந்திருப்பியோ?"

அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு அதே கையில் கையுறையை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற 'போட்டு வாறன்' சொல்ல வாயைத் திறந்தேன். 'போட்டு' மட்டும் வெளியே வந்தது. 'வாறன்' வரவில்லை.