எண்ணெய் தேய்க்காமல் வாருங்கள்

அருவிக்கு வழி காட்டுகிற தொழிலில் வழி ஒரு சிரமமே இல்லை. அந்த வழியில் வந்தவர்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பதுதான் சிரமம். சொந்தக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டியவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்துப் பல வருஷம், சாரல் விழ ஆரம்பித்ததும் மேலகரத்தில் என் சைக்கிள் கடையைப் பூட்டிவிடுவேன். குற்றாலத்துக்கு வருகிறவர்களை மெயின் அருவியிலிருந்து செண்பகாதேவிக்கும், தெம்புள்ளவர்களை அதற்கும் மேலே தேனருவிக்கும் கூட்டிப் போவதுதான் அந்த மூன்று மாதமும் வேலை.

என் மனைவி சண்முகவடிவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஆலங்குளத்தில் அவள் அண்ணன் உரக்கடை வைத்திருந்தார். அங்கே போய்க் கல்லாவில் உட்காருங்கள் என்பாள். எனக்கோ மலைக்காற்று பழகிவிட்டது. உர மூட்டைகளுக்கு நடுவில் உட்காருவதை நினைத்தாலே மூச்சு முட்டும். கடைசியில் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள். அவள் சொன்னது இது: "உங்ககூட மலைக்கு வந்த ஆளுல ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும், மறுநாளே ஆலங்குளம் பஸ்ல ஏறிரணும்."

இறங்கும் வழி

குற்றாலம் வருகிறவர்களுக்கு எண்ணெய் இல்லாமல் குளியல் கிடையாது. உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, ஊறவைத்து, அப்புறம் அருவியில் தலையைக் கொடுப்பார்கள். மதுரையிலிருந்து வந்த ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் நேரத்தை மிச்சம் பிடிக்கக் கீழேயே தேய்த்துக்கொண்டார். மேலே போய்ச் சேரும்போது நன்றாக ஊறியிருக்கும் என்பது கணக்கு. நல்ல கனத்த உடம்பு.

முதல் பாறைச் சரிவை நாங்கள் ஏறிக் கடக்கக் கால் மணி நேரமானது. மேலே கால் வைத்தவர் வழுக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, யாரும் தள்ளாமல், புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பதறி ஓடினேன். ஒரு கீறல் இல்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "தம்பி, இறங்குற வழி நல்லாத்தான் இருக்கு. இனிமே ஏறுற வழியைக் காட்டுங்க."

கைகுலுக்கி வரவேற்பு

அன்றைக்கு ஒரு விதி வைத்தேன்: எண்ணெய் தேய்த்தவர் மலையேறக் கூடாது. ஆனால் விருந்தாளியிடம் "கையைக் காட்டும், மோந்து பார்க்கணும்" என்று சொல்ல முடியுமா? அதனால் ஆண்களுக்கெல்லாம் கைகுலுக்கி வரவேற்பு. குலுக்கிய கையால் மீசையைத் தடவுவதுபோல மோந்து பார்த்துக்கொள்வேன். பெண்களிடம் பித்தளைச் செம்பில் தண்ணீர் கொடுத்துத் திரும்ப வாங்குவேன். எண்ணெய்க் கை பட்டிருந்தால் செம்பே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் நான்கு பேர் வந்தார்கள். தலைமை ஆசிரியைக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகினார். பிறகு தேனருவி வரைக்கும் எந்த இடத்திலும் என் கையை எதிர்பார்க்கவில்லை. நான் தயங்கிய இரண்டு இடங்களில்கூட அவர்தான் முதலில் கால் வைத்தார். அப்படி ஒரு நடையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேலே தேன்கூடுகள் தொங்கும் பாறைக்குக் கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "முப்பது வருசமா பிள்ளைகளை வரிசையில நில்லுங்க, வரிசையில நில்லுங்கன்னு சொல்லுதேன். இந்தத் தண்ணி யார் சொல்லும் கேக்காம வருது பாருங்க, அதான் இம்புட்டு அழகு."

ஆப்பிரிக்கா பார்த்தவர்

தென்காசிக்காரர் தங்கராஜ் சார் ஜாம்பியாவில் கணக்கு வாத்தியார். எண்பதுகளில் ஒரு சாரலுக்கு, விடுமுறையில் ஊர் வந்தவர், மனைவி ஜெயமணி அம்மாவையும் உறவினர் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஏழு பேரும் எண்ணெய்ப் பரீட்சையில் தேறினார்கள்.

வழியெல்லாம் அந்த நாட்டு அருவிக் கதைதான். அது விழுகிற இடத்திலிருந்து எழும் நீர்ப்புகை வெகு தூரத்திலிருந்தே தெரியுமாம். எதிர்க்கரையில் நடந்தால் வெயிலடிக்கும்போதே உடம்பெல்லாம் நனைந்துவிடுமாம். அருவிக்குக் கீழே ஓடும் ஆற்றில் வெள்ளைக்காரர்களோடு ரப்பர் படகில் ஏறிப் பாய்ந்திருக்கிறார். படகு கவிழ்ந்து, தண்ணீருக்குள் இரண்டு முறை உருண்டு வெளியே வந்திருக்கிறார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்தேன். "அம்மாவும் படகில் ஏறினாங்களா?" என்று கேட்டேன். "அவ எங்க ஏறுதா! குடையைப் பிடிச்சிக்கிட்டுக் கரையிலயே நிப்பா" என்று சிரித்தார். அந்த அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

இப்பேர்ப்பட்டவருக்கு நம் செண்பகாதேவி எம்மாத்திரம் என்று எனக்கு உள்ளூர வெட்கமாக இருந்தது. அவரோ அருவிக்கடியில் தலையைக் கொடுத்துக் கண்ணை மூடி நின்றார். வெளியே வந்தபோது முகம் சின்னப் பிள்ளை முகம்போல இருந்தது. எனக்கு இன்றைக்கும் மறக்காத வார்த்தை அவர் சொன்னது: "அங்க அருவியை எட்ட நின்னு பாக்கலாம் தம்பி. அது நம்ம தலையைத் தொட்டு உக்கார வைக்கது இங்கனதான்."

என் கை

தங்கராஜ் சார் மறுபடி குளிக்கப் போன நேரத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மெயின் அருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலு அண்ணாச்சி அன்று அருவிக்கரையில் இருக்கும் செண்பகாதேவி அம்மனைக் கும்பிட மேலே வந்திருந்தார். தோள் வலிக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மடியிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தவர், தோளில் ஆரம்பித்து விரல் நுனி வரை இரண்டு கையையும் உருவிவிட்டார். சுகமாக இருந்தது. காலையில் ஊரார் கையையெல்லாம் மோந்து பார்த்தவனுக்குத் தன் கை நினைவில்லை.

திடீரென்று அருவியின் சத்தம் மாறியது. தண்ணீர் செம்மண் நிறத்தில் இலையும் குச்சியுமாக வந்தது. மலைமேல் பெருமழை. "கரையேறுங்க!" என்று கத்தினேன். எல்லோரும் ஏறிவிட்டார்கள். சார் மட்டும் நடுப்பாறையில். முழங்காலில் இருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொடைக்கு வந்துவிட்டது. பாறை விளிம்பில் படுத்துக் கையை நீட்டினேன். அவர் பிடித்தார். என் கை விரால் மீன் மாதிரி வழுக்கியது. மறுபடி பிடித்தார். மறுபடியும் வழுக்கியது. அவர் கால் பெயர ஆரம்பித்தது.

அப்போது ஜெயமணி அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கிடந்த ஈரிழைத் துண்டை என் உள்ளங்கையில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டார். "இப்பப் பிடிங்க" என்றார். உறவினர்கள் என் காலைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது முறை பிடி நின்றது. சாரைக் கரையில் இழுத்துப் போட்டோம்.

என் கையில் எண்ணெய் இருந்ததை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டு, அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் கணவரின் தலையைத் துவட்டியபடியே சொன்னார்: "எல்லாரும் தண்ணிக்குள்ள இறங்கிட்டா, தூக்கிவிடக் கரையில ஒரு ஆள் வேண்டாமா? அதுக்குத்தான் அங்கயும் நின்னேன், இங்கயும் நின்னேன்."

வீட்டுத் தீர்ப்பு

அன்று சாயங்காலம் சண்முகவடிவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. ஏழு பேரும் நடந்துதான் வீடு போனார்கள், சத்தியம் மீறப்படவில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. "ஆலங்குளத்துக்கே போயிருவோம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். சீயக்காய்ப் பொடியைக் கொண்டுவந்து, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். தன் துண்டு ஒன்றை மடித்து என் தோளில் போட்டாள். பிறகு சொன்னாள்: "தப்பை மறைக்காம வந்து சொன்னவரை உரக்கடையில வச்சி என்ன செய்ய? மலைக்கே போங்க. ஆனா நாளையிலிருந்து உங்க கைக்கு நான்தான் பரீட்சை வைப்பேன்."

அதற்குப் பிறகு பதினோரு சீசன் மலைக்குப் போனேன். ஊரார் கையை மீசையில் மறைத்து மோந்து பார்த்த என்னை, அவள் தெருவே பார்க்க வாசலில் நிறுத்தி, இரண்டு கையையும் மோந்து பார்க்காமல் ஒரு நாளும் அனுப்பவில்லை.