லாண்ட்ரி அக்கா சொல்லாத சாட்சி

எங்கள் சபையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் சாட்சி நேரம் வரும். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். காய்ச்சல் தீர்ந்தவர் சொல்வார், கேஸ் ஜெயித்தவர் சொல்வார், பரீட்சையில் தப்பிப் பிழைத்தவர் சொல்வார். முடித்ததும் எல்லோரும் அல்லேலூயா என்போம். இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காய்ச்சல் போன பிறகுதான் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டே வந்து சாட்சி சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் பார்த்ததில்லை என்றால் யாருமே பார்த்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசி வரிசைக்குப் பின்னால் மிக்ஸர் மேஜையில் உட்கார்ந்து மைக் சத்தத்தை ஏற்றி இறக்குகிறவன் நான்தான். வார நாளில் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் மைக் தம்பி.

அந்த வேலையில் எனக்கு இருந்த ஒரே தலைவலி லாண்ட்ரி அக்கா.

சர்ச்சுக்கு இரண்டு தெரு தள்ளி அக்காவின் கடை. கண்ணாடிக் கதவைத் திறந்தால் சோப்பு வாசனையும் ஆவியும் முகத்தில் அடிக்கும். உள்ளே இரண்டு வாஷிங் மெஷின், ஒரு நீள இஸ்திரி மேஜை, மேலே கம்பியில் வரிசையாகத் தொங்கும் சட்டைகள். புருஷன் போன பிறகு கடையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போகிறாள். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். எந்தத் துணி வந்தாலும் முதலில் பாக்கெட்டுகளை வெளியே இழுப்பாள், அப்புறம் காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், கடைசியில் ஒரு தடவை மோந்து பார்ப்பாள். அந்த மூன்றும் முடிந்ததென்றால் அந்த வீட்டு விஷயம் முழுக்க அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து மைக்கை வாங்குவாள். தன் முழங்கால் வலியில் ஆரம்பிப்பாள். "ஸ்தோத்திரம். போன வாரம் மாடிப்படி ஏற முடியாம இருந்தேன், இன்னைக்கு ஏறிட்டேன்" என்பாள். அல்லேலூயா என்று நாங்கள் முடித்துவைக்கப் பார்ப்போம். அதற்குள் முழங்கால் எங்கோ போய்விடும், ஊர்க்கதை வந்துவிடும்.

ஆனால் யார் பேரையும் சொல்லமாட்டாள். அதில் படு சுத்தம்.

"பேரு வேண்டாம். மூணாவது வரிசையில நீலச் சட்டை போட்டுட்டு உக்காந்திருக்காரே, ஒரு சகோதரன். அவர் பேன்ட்டை இந்த வருஷத்துல ரெண்டு தடவை இடுப்புல பிரிச்சுத் தைச்சுக் குடுத்திருக்கேன். டாக்டர் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லியும் கேக்க மாட்டேங்கிறார்னு அவர் வீட்டுல கண்ணீர் விடுறாங்க. ஜெபத்துல வெச்சுக்கோங்க."

சபை மொத்தமும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பும். நீலச் சட்டைக்காரர், அதாவது எங்கள் பாடகர் குழுத் தலைவர், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். இப்படியே பழகிப் பழகி, அக்காவின் கண் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் திரும்பும் பழக்கம் சபைக்கே வந்துவிட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டும், சிலசமயம் நன்மையும் நடந்தது. ஒருமுறை, "ஒரு வீட்டுத் துணி இப்போ ரெண்டு மூட்டையா வருது. அவர் துணி தனி, அந்தம்மா துணி தனி" என்றாள். ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் நாலு பேர் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த மாதம் துணி ஒரே மூட்டையாக வந்தது. அதையும் அக்கா சாட்சியாகச் சொன்னாள்.

ஆனாலும் பாஸ்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாட்சிக்கு மூன்று நிமிஷம்தான் என்று சட்டம் போட்டார். மூன்று நிமிஷம் ஆனால் நான் சத்தத்தை இறக்க வேண்டும். இறக்கினேன். ஆவியோடும் மெஷினோடும் கத்திப் பழகிய தொண்டை அது. மைக்கை நிறுத்திய பிறகுதான் அக்கா பேசுவது இன்னும் தெளிவாகக் கேட்டது. என்னத்தைச் சொல்ல!

இந்த நிலைமையில்தான் எனக்கு வேலை போனது.

போனதற்குக் காரணம் என் வாய். புது மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னை வாடா போடா என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். "சார், லிஃப்ட்ல ஏறி எட்டாவது மாடிக்கு வந்துட்டா மரியாதை தானா வந்துடாது" என்றேன். சாயங்காலம் டூல்ஸ் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரி மருந்துக்கடையில் கேஷியர். தினமும் காலையில் டிஃபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது, "சாப்பாட்டை எடுத்துட்டுப் போங்க, அந்த வாயை மட்டும் வீட்டுல வெச்சுட்டுப் போங்க" என்பாள். அவளிடம் போய் எந்த முகத்தோடு சொல்வது? சம்பள நாளுக்குள் வேறு வேலை பிடித்துவிடலாம், பிடித்த பிறகு சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அதனால் வழக்கம்போல யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். நாலு இடத்தில் வேலை கேட்பேன். மிச்ச நேரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். வழக்கம்போல யூனிஃபார்ம் லாண்ட்ரிக்கும் போனது. அங்கேதான் மாட்டினேன்.

துணி வாங்கப் போன அன்று அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, உன் சட்டையில கிரீஸ் எங்கே?"

"என்னக்கா?"

"இத்தனை வருஷமா உன் சட்டைக் கையில கிரீஸ் எடுக்கறதுக்குன்னே தனியா பவுடர் வாங்கி வெச்சிருக்கேன். ரெண்டு வாரமா டப்பாவைத் திறக்கவே இல்ல."

"ஆபீஸ் உள்ளே மாத்திட்டாங்கக்கா. ஏசி ரூம்."

"ஏசி ரூம்ல உக்காந்தவன் பேன்ட்டுக்குப் பின்னாடி பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுப் பெயின்ட் எப்படி ஒட்டும்?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். என் வீட்டுல தெரியாது. ஞாயித்துக்கிழமை மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், நான் என்ன ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறவளா?"

சட்டையை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

சனிக்கிழமை முழுக்க எனக்கு அதே யோசனை. மைக்கின் பேட்டரியைக் கழற்றலாம், பிரயோஜனமில்லை. வீட்டுக்காரியைச் சர்ச்சுக்கு வராமல் நிறுத்தலாம். ஆனால் எனக்குத் தலைவலி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளே பாதி மருந்துக்கடையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள், என்னோடு உட்கார்ந்தும்விடுவாள், நானும் உளறிவிடுவேன். கடைசியில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அக்காவுக்குத் தொண்டை கட்டட்டும். பெரிசா வேண்டாம், ஞாயிறு மத்தியானம் வரைக்கும் போதும்" என்று ஜெபித்தேன். அப்படி ஒரு ஜெபத்தைச் செய்துவிட்டு ஆமென் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை அக்கா தொண்டை கணீரென்று இருந்தது. பாட்டிலேயே தெரிந்தது.

சாட்சி நேரம் வந்தது. வங்கி குமாஸ்தா ஒருவர் பல்வலி தீர்ந்ததைச் சொன்னார். அடுத்து அக்கா எழுந்தாள். சபை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது. பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரி நாலாவது வரிசையில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். என் விரல் சத்தம் இறக்கும் பொத்தான்மேல் இருந்தது.

அக்கா மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"ஸ்தோத்திரம். கர்த்தர் நல்லவர்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மைக் வாங்க நின்ற சகோதரனுக்குக் கை நீட்டத் தெரியவில்லை. அல்லேலூயா சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கு அப்படியே உயிர் திரும்பி வந்தது. ஆண்டவரே நன்றி என்று கண்ணை மூடினேன். மூடியவன் அப்படியே இருந்திருக்கலாம்.

பாஸ்டர் பதறிவிட்டார். "அக்கா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"நல்லா இருக்கேன் பாஸ்டர்."

"வேற ஏதாவது... சொல்லணும்னா சொல்லுங்க. நேரம் இருக்கு."

இத்தனை வருஷத்தில் பாஸ்டர் அக்காவிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான், சபைக்குள் பயம் பரவ ஆரம்பித்தது. வாயைத் திறந்தே சொல்ல முடியாத அளவுக்கு என்ன தெரிந்துவிட்டது இந்த அக்காவுக்கு? பாடகர் குழுத் தலைவர் தன் பேன்ட்டைக் குனிந்து பார்த்தார். மூட்டை ஒன்றான அந்தக் குடும்பத்தில் புருஷனும் பொண்டாட்டியும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். பல்வலிக்காரருக்கு மறுபடி பல் வலிக்க ஆரம்பித்ததுபோல முகம். பாஸ்டரே கூட தன் அங்கிக் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். நான் பார்த்தேன்.

பாஸ்டர் அம்மா, அதாவது பாஸ்டரின் மனைவி, எழுந்து அக்காவின் தோளில் கை வைத்து, "யாருக்கு என்ன, சொல்லுங்கக்கா. எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கலாமே" என்றார். பாவம் அக்கா. முகம் சிவந்து, தும்மலை அடக்குகிறவள்போல உட்கார்ந்திருந்தாள். வாயை அடக்கிவிட்டாள். கண்ணை அடக்கத் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை, ஓரமாக, மிக்ஸர் மேஜைப் பக்கம் பார்த்துவிட்டாள்.

பழக்கதோஷம், அத்தனை தலையும் திரும்பியது. கடைசியில் திரும்பியது என் வீட்டுக்காரியின் தலை.

அவள் பைபிளை மூடிப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்தேன். புற்றுநோயோ, இன்னொரு குடும்பமோ, என்னவெல்லாம் அவள் மனதில் ஓடுகிறதோ என்று எனக்குப் பகீரென்றது. இனி ஒரு நிமிஷம் அவளை அப்படி விட்டுவைக்க என்னால் முடியவில்லை. சத்தம் சரிபார்க்க மேஜையில் வைத்திருக்கும் டெஸ்டிங் மைக்கை எடுத்தேன்.

"எனக்கு வேலை போயிடுச்சு" என்றேன். "வாயாலதான் போச்சு. மூணு வாரம் ஆகப்போகுது. வீட்டுல சொல்லல. வேற வேலை இன்னும் கிடைக்கல. அவ்வளவுதான்."

எப்போதும் முடிவில் ஒரு வெற்றி வரும், அதற்கு அல்லேலூயா சொல்வோம். என் சாட்சிக்கு முடிவு இல்லை. சபை அடுத்த வரிக்காகக் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். வரவில்லை.

நாலாவது வரிசையிலிருந்து என் வீட்டுக்காரியின் குரல் வந்தது. மைக் இல்லாமலே நன்றாகக் கேட்டது.

"மத்தியானம் எங்கே உக்காந்து சாப்பிட்டீங்க?"

"பஸ் ஸ்டாண்ட்ல."

"வெயில்லயா?"

"இல்ல. கூரை இருக்கு."

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முதல் அல்லேலூயா பாடகர் குழுத் தலைவரிடமிருந்து வந்தது. தன் பேன்ட்டைப் பற்றியது இல்லை என்ற சந்தோஷம் அவருக்கு.

வீட்டில் பேசிக்கொண்டாள். அதை இங்கே எழுத முடியாது. இரண்டு நாள் பேசினாள். மூன்றாம் நாள் டிஃபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, "வேலை தேடப் போங்க. மத்தியானம் என் கடைக்கு வந்து என்கூட உக்காந்து சாப்பிடுங்க" என்றாள். சபையில் ஆளாளுக்கு ஒரு விலாசம் கொடுத்தார்கள். ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அமையவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா எழுந்தாள். பாஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு வாரமா வயித்துல வெச்சிருந்தேன், எனக்குச் சோறே இறங்கல" என்று ஆரம்பித்தாள். "பேரு வேண்டாம். அங்கே மைக் மேஜையில உக்காந்திருக்காரே, ஒரு சகோதரன்..."

சபை சிரித்தது. அக்கா அசரவில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதையை முதலிலிருந்து சொன்னாள். கிரீஸ் பவுடர் டப்பாவைச் சொன்னாள், பெஞ்சுப் பெயின்ட்டைச் சொன்னாள்.

"அதெல்லாம் பார்த்ததுமே ஞாயித்துக்கிழமை சொல்லிடணும்னுதான் இருந்தேன். பொய் சொல்லல. பாக்கெட்டை இழுத்துப் பார்த்தா ஒரு கைக்குட்டை. கஞ்சி போட்ட மாதிரி விறைச்சு நிக்குது. அத்தனையும் உப்பு. நிழல்ல சும்மா உக்காந்திருந்தவனுக்கு அவ்வளவு வேர்வை ஏது? அதைத் தண்ணியில போட்டேன் பாருங்க, அப்பவே தெரிஞ்சுது, இது நான் சொல்ற விஷயம் இல்லன்னு."

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. ஸ்பீக்கர் ஒயரைச் சரிசெய்கிறவன்போலக் குனிந்துகொண்டேன். நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரி எழுந்து வந்து மிக்ஸர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா இப்போது தன் முழங்காலுக்குப் போயிருந்தாள். மூன்று நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. பழக்கத்தில் என் கை பொத்தானுக்குப் போனது.

"இறக்காதீங்க" என்றாள் என் வீட்டுக்காரி. "கூட்டி வைங்க, பின்னாடி சரியா கேக்கல."

கூட்டி வைத்தேன்.