அல்லாஹ் காயவிடாத சுவர்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தங்கை மௌத்தாகி விட்டுப்போனவர்கள். ஒருவரையும் பசியோடு படுக்கவிட்டதில்லை. ஒருவரையும் அடுத்தவர் வாசலில் நிற்கவிட்டதில்லை. பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். எழுத்துக் கூட்டும் அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன், நீங்களும் மெதுவாகவே கேளுங்கள். ரப்பாகிய அல்லாஹ் எனக்குச் செய்ததை அவசரமாகச் சொல்லிமுடிக்க ஏலாது.

குறிஞ்சாக்கேணியில் கடல்நீர்க் களப்பை ஒட்டி எங்கள் வீடு. எங்கள் வீடு என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. இது என் கடைசி மகள் நுஸ்ரத்தின் வீடு. கட்டியவன் என் மூத்த மகன் ஜபீர். மேசன் வேலை அவனுக்கு. தங்கைக்கு வீடு எழும்பாமல் தான் கலியாணம் முடிப்பதில்லை என்று சொல்லி, தாடி நரைக்கத் தொடங்கிய பிறகுதான் மாப்பிள்ளையானான். அவனுடைய இளமை முழுவதும் அந்தச் சுவர்களுக்குள் போனது. நுஸ்ரத்தின் கணவர் பைரூஸ் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு போடுபவர் அவர்தான். மகன் கட்டிய வீடு, மருமகன் போடும் சோறு. இரண்டுக்கும் நடுவில் நான் நிம்மதியாக இருந்தேன், அந்தப் புயல் வரும்வரை.

காற்று முதலில் கூரையைப் பிடித்தது. ஓடுகள் பறந்துபோய் எதிர் வேலியில் அடித்து நொறுங்கின. பிறகு களப்பு எழும்பி வந்தது. அது நனைக்க வந்த தண்ணீர் அல்ல, அடிக்க வந்த தண்ணீர். சமைக்கிற குசினியின் கதவைக் கொக்கியோடு பிடுங்கி உள்ளே எறிந்தது. அலுமாரி குப்புற விழுந்தது. எங்கள் ஆடு கட்டின கயிற்றோடு சுவரில் மோதி மோதிச் செத்தது. அதன் சத்தத்தை நாங்கள் மேசைக்கு மேல் ஏறி நின்று கேட்டோம். நுஸ்ரத்தின் மகள் ஹிபா என் கழுத்தைக் கட்டிப்பிடித்த பிடியில் என் தோலில் நகம் பதிந்தது. பைரூஸ் எங்களை ஒவ்வொருவராகத் தோளில் சுமந்து பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

தண்ணீர் வடிந்தது. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீடுகளில் நோன்புக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாகவேண்டும். அழுக்குச் சுவரோடு நோன்பை வரவேற்றால் ஊர் கதைக்கும். ஜபீர் ஓடி வந்தான். மண்ணைக் கழுவினான், ஓடு போட்டான், ஈரச் சுவர் மேலேயே சீமெந்து பூசினான், பெயின்ட் அடித்தான். பிறை கண்ட அன்று வீடு பளபளவென்று இருந்தது. ஊரில் பாதிப்பேர் இந்த மாதிரித்தான் செய்தார்கள்.

பெருநாள் முடிய முன்னரே வீட்டு மண்டபத்துச் சுவர் ஊதத் தொடங்கியது. பெயின்ட் கொப்புளித்தது. மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. துடைத்தால் மறுநாள் அதே இடத்தில் நின்றது. பிறகு அது பிள்ளையின் நெஞ்சுக்குள் போனது. ஹிபாவுக்கு இளைப்பு. ஒரு சொல் சொன்னால் அடுத்த சொல்லுக்கு மூச்சு இல்லை. "உம்...மம்மா" என்று என்னை இரண்டாக உடைத்துக் கூப்பிடுவாள். ஒருநாள் உதடு நீலமாகிவிட்டது. கிண்ணியா ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார்: "இந்த ஈரச் சுவருக்குள்ள பிள்ளைய வச்சிருந்தா நான் என்ன மருந்து குடுத்தும் வேலையில்ல."

தொழுகையில் தலை தாழ்த்தும் ஒவ்வொரு ஸுஜூதிலும் நான் ஒன்றைத்தான் கேட்டேன். யா அல்லாஹ், இந்தச் சுவரைக் காயவை. முழங்கால் ஏலாததால் கதிரையில் இருந்து தொழுகிறவள் நான். அந்தக் கதிரையை அந்தச் சுவருக்கு எதிரே போட்டேன். அழுதேன். கோபித்தும் கேட்டேன். கடலைப் பிளந்து வழிவிட்டவனுக்கு ஒரு சுவரைக் காயவைக்க ஏலாதா என்று கேட்டேன். சுவர் காயவில்லை. நாளுக்கு நாள் நனைந்தது. அல்லாஹ் என்னைக் கேட்கவில்லை என்று மனம் கறுத்துப்போனது.

பைரூஸ் பொறுக்காமல், தண்ணீர் புகுந்த வீடுகளைத் திருத்திக் கொடுக்கும் ஆட்களை டவுனிலிருந்து கூட்டிவந்தார். அதற்கென்றே வேலை பழகியவர்கள். தலைவராக வந்தவர் பாலையூற்றுச் சிவநேசன். வாய் ஓயாத மனிதர். கையில் ஈரம் பார்க்கும் ஒரு சின்ன மெஷின் வைத்திருந்தார். அதைச் சுவரில் வைத்ததும் அது கூவியது.

"அம்மா, இது சுவர் இல்ல, தண்ணித் தாங்கி," என்றார். "வெள்ளம் போய்ட்டுது. இது பைப் தண்ணி. சுவருக்குள்ள பைப் வெடிச்சிருக்கு, மேல சீமெந்த பூசி மூடியிருக்கினம். எந்தப் புண்ணியவான் பூசினது?"

நுஸ்ரத் நிலத்தைப் பார்த்தாள்.

"சரி, அவர் நல்லா இருக்கட்டும். இத இறக்கித்தான் கட்டவேணும்."

ஒரு காரியம் நடந்திருக்கவேண்டும், நடக்கவில்லை. தங்கை வீட்டில் ஒரு கல்லைத் தொடுவதென்றாலும், கட்டிய காக்காவிடம், மூத்த அண்ணனிடம், ஒரு சொல் கேட்பது எங்களுக்குள் வழக்கம். பிள்ளையின் அவசரத்தில் பைரூஸ் கேட்கவில்லை. சந்தியில் யாரோ ஜபீரிடம் சொல்லிவிட்டார்கள்: "டவுன் ஆக்கள் உன்ட தங்கச்சி வீட்ட உடைக்கிறாங்க."

பின்னேர அஸர் தொழுது முடித்து நான் கையேந்தியிருந்தேன். நான் தொழுது முடியட்டும் என்று சிவநேசனின் ஆட்கள் வாசலில் காத்து நின்றார்கள். ஜபீர் வந்தான். கையில் அவனுடைய அலவாங்கு, ஆள் உயர இரும்பு. கல் கிளப்புவதற்கு அவன் வைத்திருப்பது. முகம் என் மகனின் முகமாக இல்லை.

"யாரக் கேட்டு உடைக்கிற?"

"என்ட பிள்ளைக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு மச்சான்," என்றார் பைரூஸ். "யாரக் கேக்கணும்?"

"என்னக் கேக்கணும். நீ உடுப்புப் பெட்டியோட வந்தவன். நான் மண்ணும் கல்லும் சுமந்தவன்."

"ஓம். பெட்டியோட வந்தவன்தான் ஒவ்வொரு நாளும் உங்கட சுவரத் துடைக்கிறன். உங்கட வேலை எப்பிடியெண்டு அந்தச் சுவரே சொல்லுது. அதக் கேளுங்க."

சிவநேசன் நடுவில் வந்தார். "அண்ணை, நாங்க சுவர் திருத்தத்தான் வந்தனாங்கள். மண்டை திருத்தத் தெரியாது. இரும்பக் கீழ வையுங்கோ." ஜபீர் அவரை ஒரு தள்ளுத் தள்ளினான். அவர் வாளிக்கு மேல் விழுந்தார்.

பிறகு ஜபீரும் பைரூஸும் அடித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்குள், என் கண்ணுக்கு முன்னால். பைரூஸின் குத்தில் ஜபீரின் பல் உதட்டைக் கிழித்தது. ஜபீர் அவரைக் கழுத்தில் பிடித்து அலுமாரியோடு மோதினான். கண்ணாடி உடைந்து சிதறியது. பைரூஸின் நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. நுஸ்ரத் காக்காவின் காலைக் கட்டிப்பிடித்தாள். அவளை இழுத்துக்கொண்டே அவன் நடந்தான். ஹிபா கதவடியில் நின்று கத்தப் பார்த்தாள், கத்துவதற்கு மூச்சு வரவில்லை. பைரூஸ் பின்னால் பின்னால் போய் அந்த ஈரச் சுவரில் சாய்ந்துவிட்டார். அதற்கு மேல் போக இடமில்லை. ஜபீர் அலவாங்கை ஈட்டி போல இரண்டு கையாலும் பிடித்தான்.

என்னால் எழும்ப ஏலவில்லை. ஏந்திய கை ஏந்தியபடியே இருந்தது. சுவரைக் காயவை என்று தொடங்கிய துஆ வாயில் பாதியில் நின்றது. "யா அல்லாஹ், இந்தக் கையைப் பிடி" என்றேன். அவ்வளவுதான்.

ஜபீர் குத்தினான். அந்த நேரம் இரத்தத்தில் வழுக்கியோ, அல்லாஹ் இழுத்தோ, பைரூஸின் கால் சறுக்கி அவர் கீழே இருந்துவிட்டார். அலவாங்கு அவர் தலைக்கு மேலே சுவருக்குள் போனது. தயிருக்குள் கரண்டி போவதுபோலப் போனது. ஒரு சாண் இரும்பு உள்ளே. அடுத்த குத்துக்கு ஜபீர் இழுத்தான். வரவில்லை. காலைச் சுவரில் உதைத்து இழுத்தான். வரவில்லை. ஊதியிருந்த சுவர் இரும்பைக் கவ்விக்கொண்டு நின்றது. கீழே பைரூஸ் அசையாமல் இருந்தார். ஓடுவதற்கு அவருக்குத் திராணி இல்லை. அந்த இரும்பு மட்டும் கழன்றிருந்தால், அந்த வீட்டில் அன்று ஒரு மௌத்து. என் மகன் கொலைகாரன். என் மகள் விதவை.

இரும்பின் ஓரமாகத் தண்ணீர் வந்தது. முதலில் சொட்டு, பிறகு ஒழுக்கு. வெள்ளச் சேறு இல்லை, தெளிந்த தண்ணீர். ஜபீரின் கைவழியே இறங்கி, முழங்கையில் இரத்தத்தோடு கலந்து நிலத்தில் விழுந்தது. அவன் அதைப் பார்த்தான். மேசன் அல்லவா, பார்த்ததும் விளங்கிவிட்டது. தான் மூடிய பைப், தான் பூசிய சுவர். கை தானாக விட்டது. அப்படியே நிலத்தில் இருந்து, சின்னப்பிள்ளை போல விக்கினான்.

சிவநேசன் எழும்பி வந்தார். "ஒருத்தரும் அத இழுக்கவேணாம். இழுத்தா முழுச் சுவரும் தலையில வரும்." அவருடைய ஆட்கள் ஓடிவந்து மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தார்கள்.

அந்த நேரம் பைரூஸ் நெற்றியைப் பொத்திக்கொண்டு சொன்னதை நான் மறக்கமாட்டேன். "மச்சான், தண்ணிய எங்கால பூட்டுற? உங்களுக்குத்தானே தெரியும்."

ஜபீர் எழும்பிக் கிணற்றடிக்குப் போய் மோட்டர் பைப்பைப் பூட்டினான். திரும்பி வந்து தன் சாரனின் ஓரத்தைக் கிழித்து மச்சானின் நெற்றியில் கட்டினான்.

அந்த ஆட்கள் சுவரை மேலிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கினார்கள். பழைய பைப்பை எடுத்தார்கள். பெரிய காற்றாடிகளை வைத்து வீட்டை உலர்த்தினார்கள், பூஞ்சணத்தைச் சுரண்டி மருந்து அடித்தார்கள், நன்றாக உலரும்வரை பூசவிடவில்லை. "பெருநாளா, நோன்பா, எனக்குக் கணக்கில்ல. மெஷின் வாய மூடினாத்தான் பூச்சு," என்றார் சிவநேசன். புதுச் சுவரின் கல்லை வைத்தவன் ஜபீர். அவர் சொல்லச் சொல்ல வைத்தான். கல் எடுத்துக் கொடுத்தவர் பைரூஸ், நெற்றியில் தையலோடு.

இப்போது நான் சொல்ல வந்தது. நான் கேட்டபடி அல்லாஹ் அந்தச் சுவரை நோன்பிலேயே காயவைத்திருந்தால், இரும்பு அதில் பட்டுத் தெறித்து ஜபீரின் கைக்கே திரும்பியிருக்கும். அடுத்த குத்துத் தப்பியிராது. சுவர் காய்ந்திருந்தால் சண்டையே இராதே என்பீர்கள்; 'பெட்டியோட வந்தவன்' என்ற கோபம் அவர்களுக்குள் முன்பே ஊறியிருந்தது, என்றோ ஒருநாள் அந்த இரும்பு எழும்பியே இருக்கும். நான் அழுதழுது கேட்டதை அவன் தராமல் வைத்திருந்தது அந்த ஒரு நொடிக்காக. நான் கறுத்த மனத்தோடு பார்த்த அந்த ஈரத்துக்குள் அவன் மகன், மருமகன் என்ற என் இரண்டு பிள்ளைகளின் உயிரையும் வைத்திருந்தான். எல்லாப் புகழும் அவனுக்கே.

ஜபீர் அதற்குப் பிறகு யார் மேலும் கை ஓங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மச்சானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகிறான். அந்த அலவாங்கை அவன் திரும்ப எடுக்கவில்லை. கிணற்றடியில் நட்டு அதில் கொடி கட்டியிருக்கிறோம். எங்கள் வீட்டு உடுப்பும் ஜபீர் வீட்டு உடுப்பும் அதில்தான் காய்கிறது.

துஆ கேட்டுக் களைத்துப்போன என் சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் காயாத ஒரு சுவர் இருக்கலாம். நோயாக இருக்கலாம், பிள்ளையாக இருக்கலாம். வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், கூப்பிட முன் வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு சொல் கேளுங்கள். ஏந்திய கையை மட்டும் கீழே போடாதீர்கள். அவன் தராமல் இருப்பதும் ஒரு தருதல்தான். நான் கண்ணால் கண்டவள்.

ஹிபா, இஞ்ச வா மகள். உம்மம்மா எழுதினதத் தொடக்கத்திலிருந்து வாசி. எழுத்துப் பிழை இருந்தால் பிறகு திருத்தலாம். நடுவில் நிற்காமல், சத்தமாக, ஒரே மூச்சில் வாசி. நான் கேட்கவேணும்.