அப்பா தேடும் பாடகி

நெருங்கிய தோழிகளுக்கு மட்டும். யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள்.

அப்பா கோயில் கொடைத் திருவிழாக்களுக்குப் பாட்டுக் கச்சேரிக் குழு நடத்துகிறார். இன்று கமிட்டி அண்ணாச்சி ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

“இன்ஸ்டால மூஞ்சியக் காட்டாம, குற்றால அருவியக் காட்டிப் பாடுதாளே ஒரு பிள்ள, அவளக் கூட்டிட்டு வாரும். இல்லன்னா வேற குழுவப் பாத்துக்கிடுதோம்.”

அந்தப் பிள்ளை நான்தான். நான் வெளியே பாடினால் காலை ஒடிப்பதாகச் சொன்னவர் அப்பா.

அண்ணாச்சி போனதும் அப்பா தன் போனை என்னிடம் நீட்டினார். “ஏட்டி, மேடைக்கு வருவாளான்னு அவளுக்கு மெசேஜ் போடு.”

“அவங்க வீட்ல விடணுமேப்பா.”

“பிள்ள பாடுதத இந்தக் காலத்துல எந்தத் தகப்பன்ட்டி தடுக்கான்? நானே அவங்க அப்பாகிட்டப் பேசுதேன்னு சேத்துப் போடு.”

அனுப்பினேன். என் போனுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

‘எங்கள் அப்பா கொஞ்சம் கோபக்காரர், பார்த்துப் பேசுங்கள்’ என்று பதில் போடலாமா?