நரம்பு சரி, தோல் நோகிறது

1. பஞ்சு

யூஜினியை என்னிடம் கூட்டிவந்தவர் வீட்டார் அல்லர்; அவர் நண்டு உடைத்துச் சதை எடுக்கும் கொம்பனியின் மேற்பார்வையாளர் றெஜினோல்ட். ஓய்வுபெற்ற தோல் வைத்தியரான நான், மன்னார் நகரில் சனிக்கிழமைகளில் மட்டும் நோயாளரைப் பார்க்கிறேன். கதிரையில் அமருமுன்பே றெஜினோல்ட் தொடங்கிவிட்டார்.

“டொக்டர், நரம்பு டெஸ்ட் எல்லாம் சரியாம். பிறகும் விரல் நோகுதெண்டு சும்மா இருந்தா நான் என்ன செய்யிறது? ஒண்டுமில்லையெண்டு நீங்களும் சொன்னா, திங்கள் வேற ஆளைப் போடுவன். பெருநாள் வருகுதெல்லோ, அதுக்கு லீவெடுக்கத்தான் இந்த நோவு.”

“போன பெருநாளுக்கு வராம நிண்டது நீங்கள்,” என்றார் யூஜினி, நிலத்தைப் பார்த்தபடி. “நான் மேசையிலதான் நிண்டனான்.”

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய குடும்பம். வீட்டில் உழைப்பவர் யூஜினி ஒருவரே.

விரல் நுனிகள் மினுங்கின. ரேகைகள் தேய்ந்து, இடையிடையே வெடித்திருந்தன. நான் பஞ்சின் நுனியால் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

“பஞ்சுக்கே இந்த நடிப்பு,” என்றார் றெஜினோல்ட்.

2. ஐஸ் வாளி

காலையில் முதலில் என்ன செய்வீர்கள் என்று யூஜினியிடம் கேட்டேன்.

“ஐஸ் வாளிக்குள்ள கையை வைப்பம், டொக்டர். விறைச்சாத்தான் ஓடு குத்திறது தெரியாது. எல்லாரும் அப்பிடித்தான். எனக்கு இப்ப கூட நேரம் வைக்க வேண்டியிருக்கு.”

அங்கேதான் பிழை இருந்தது. உப்பு நீரும் நண்டு ஓடும் தேய்த்த தோலை, வலிக்கு அஞ்சி மேலும் குளிரில் வைத்திருக்கிறார்கள். விறைப்பு நீங்கியதும் நோவு முன்னிலும் கூடுதலாகத் திரும்பும். அதற்கு மருந்தாக மீண்டும் அதே வாளி.

நான் படித்த காலத்தில், வலியை உணர்வது நரம்பு நுனி, தோல் வெறும் போர்வை என்றே கற்பித்தார்கள். அது முழு உண்மையன்று. மேற்தோலின் பெரும்பகுதியான கெரட்டினோசைட் கலங்களும் அழுத்தத்தையும் சூட்டையும் குளிரையும் உணர்கின்றன. தம்மிடையே ஓடும் நுண்ணிய நரம்பு நுனிகளுக்கு இரசாயனங்கள் மூலம் செய்தி தருகின்றன. அக்கலங்கள் சிதைந்தால் அந்த நுனிகள் இலேசான தொடுகைக்கே வலியை எழுப்பும். நரம்புக் கடத்தல் சோதனை அளப்பது பெரிய இழைகளை. இந்த நுண்ணிய நுனிகளின் வலி அதில் தெரியாது.

இதை றெஜினோல்டுக்கு வேறுவிதமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முன்பு பள்ளிமுனையிலிருந்து மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர்.

“வெய்யிலில முதுகு எரிஞ்ச நாளில சேட் போட்டனீங்களோ?”

“எங்க போடுறது? துணி பட்டாலே உயிர் போகும்.”

“அண்டைக்கு உங்கட முதுகு நரம்பு அறுந்ததோ?”

றெஜினோல்ட் யூஜினியின் விரல்களை முதன்முறையாகக் குனிந்து பார்த்தார்.

“சரி, இவவை லேபல் ஒட்டுற பக்கம் விடுறன். மற்றப் பொம்பிளையளும் வந்து கையைக் காட்டினா?”

“அவையையும் அனுப்புங்கோ.”

“அப்ப நண்டை ஆர் உடைக்கிறது? நீங்களோ?”

3. அதன் பிறகு

மற்றவர்களும் வந்தார்கள். எல்லோரிடமும் ஐஸ் வாளியை விடச் சொன்னேன். தலையாட்டினார்கள். வாளி இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று அறிகிறேன். றெஜினோல்டும் பாவம், அவருக்கு மேலேயும் அதிகாரிகள் உண்டு.

நான் யூஜினியை உடனே நம்பியதற்குக் கல்வி மட்டும் காரணமன்று. என் மனைவி தன் இறுதி மாதங்களில், புற்றுநோய் மருந்தின் விளைவாக, உள்ளங்காலில் போர்வை பட்டாலும் தாங்கமாட்டார். போர்வை காலில் படாதிருக்க ஒரு மரச் சட்டம் செய்வித்தேன். என் படிப்பால் அவருக்குக் கிடைத்தது அந்தச் சட்டம் மட்டுமே.

இத்துறைக்குப் புதிதாக வருவோருக்கு ஒன்றே சொல்வேன். சோதனை முடிவு சரியாக இருக்கிறது என்பது, சோதனை அளந்த இடம் சரியாக இருக்கிறது என்பது மட்டுமே. நோயாளி காட்டும் இடத்தை அதற்குப் பின்னரும் பாருங்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள்.

லேபல் ஒட்டப் போன யூஜினி இறுதியாக வந்தபோது விரல் நுனிகளில் ரேகைகள் மெல்லியதாகத் திரும்பியிருந்தன. தொடலாமா என்று கேட்டேன்.

“தொடுங்கோ டொக்டர். இப்ப நோகாது.”

தொட்டேன். அவர் கையை இழுக்கவில்லை. அந்த மரச் சட்டத்தை நினைத்துக்கொண்டேன்; பிறகு அடுத்த நோயாளியை அழைத்தேன்.