நாற்பத்தேழு முதல் நூறு வரை

இந்த மலரின் முகப்பில் அப்பாவின் படம் இருக்கிறது. வெள்ளைச் சட்டையின் பையில், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு பீடிக் கட்டு எட்டிப் பார்க்கும். அச்சகத்தில் கம்ப்யூட்டரில் வேலை செய்த பெண் அதைப் பார்த்துவிட்டு, நினைவு மலருக்கு நன்றாக இருக்காது, அழித்துவிடலாமா சார் என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். அவரிடம் காரணம் சொல்லவில்லை. இதைக் கையில் வாங்கும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

அப்பா பிறந்தது குமராட்சிப் பக்கம், கொள்ளிடக் கரையில் ஒரு சிறு கிராமம். வீட்டுக்கு மூத்த பிள்ளை. பன்னிரண்டு வயதில் தகப்பனாரை இழந்தார். அதற்கு அடுத்த வெள்ளத்தில் வீட்டுச் சுவரும் போயிற்று. பதினைந்து வயதில் சிதம்பரம் வந்து ஒரு தனியார் பேருந்தில் க்ளீனராகச் சேர்ந்தவர், நடத்துநராகி, பிறகு ஓட்டுநரானார். சிதம்பரம் – கடலூர் தடத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் ஓட்டினார். ஓடி வருகிற ஆளை விட்டுவிட்டு வண்டியை எடுத்தார் என்று ஒருவரும் சொன்னதில்லை. கோபம் மட்டும் ஜாஸ்தி. அதையும் ஹாரனில்தான் காட்டுவார்.

சுனாமி வந்த அன்று வண்டியில் இருந்தவர்களைப் பாதியில் இறக்கிவிட்டு, முதலாளியைக் கேட்காமலேயே பரங்கிப்பேட்டைப் பக்கம் திருப்பினார். மாலை வரை நனைந்த ஜனங்களைக் கல்யாண மண்டபத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுவந்து சேர்த்தார். அன்றைக்கு ஒரு டிக்கெட் கிழிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம்தான் ஓட்டினார். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, படி ஏறினால் மூச்சு வாங்கியது. பீடிதான் காரணம் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாளைக்கு ஒரு கட்டு, சில நாள் ஒன்றரை.

நானும் புகைத்தேன். ஓட்டுநர் மகனுக்குப் பீடி மரியாதைக் குறைவு என்று சிகரெட். என் மனைவி உண்டாகியிருந்த சமயம், பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்த வருடம், கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதோறும் புகைப்பழக்கத்தை விட உதவி செய்கிறார்கள் என்று எங்கள் கூரியர் ஆபீஸில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மனைவி என்னை விடவில்லை. நான் கிளம்பும்போது அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன்டா" என்றார். எனக்குத் துணைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

அங்கே இருந்த ஆலோசகர் என்னைவிட இளையவர். மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். நான் ஒன்றில், அப்பா ஒன்றில். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வயதில், எப்படி ஆரம்பித்தது என்று ஆலோசகர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"பன்னெண்டு வயசுல தம்பி. எங்கப்பா செத்த பதினாறாம் நாளு…"

"ஐயா, நான் உங்க பையனைக் கேட்டேன்."

"நானும் விடணும் தம்பி" என்றார் அப்பா.

ஆலோசகர் கெட்டவர் இல்லை. மரியாதையாகத்தான் விளக்கினார். இது படிக்கிற பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஆனது, நாற்பத்தைந்துக்கு மேல் சேர்ப்பதில்லை. ஐம்பது வருடம் பழகின உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது, கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும் என்றார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப என்னை மாதிரி ஆளுங்க எந்த ரூமுக்குப் போவணும்?"

ஆலோசகர் படிவத்தைப் பார்த்தபடியே, "அதுக்குன்னு தனியா எதுவும் இல்லீங்க ஐயா" என்றார்.

இந்த வண்டி அங்கே நிற்காது என்று எத்தனையோ பேரிடம் சொன்னவர் அப்பா. அன்று அதையே தான் கேட்டுக்கொண்டு எழுந்து, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. திரும்பும் வழியில் நானும் என் பங்குக்கு, இந்த வயசில் விட்டு என்ன ஆகப்போகிறது, விடுங்கள் அப்பா என்று சொன்னேன். ஆறுதலாகச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா என்னோடு வந்தார். முதல் மூன்று வாரம் ஒழுங்காக உள்ளே போனேன். மெல்வதற்கு ஏதோ மிட்டாய் மாதிரி கொடுத்தார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. நான்காவது வாரத்திலிருந்து அப்பாவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போவதுபோல் போய், பின் வாசல் வழியாக வெளியேறி, டீக்கடையில் நின்று சிகரெட் பிடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்புவேன். சிதம்பரம் பஸ்ஸில் அப்பா எப்போதும் முன் சீட்டில் உட்காருவார். வளைவுகளில் அவர் வலது கால் தானாக பிரேக்கை மிதிக்கும். ஆலப்பாக்கம் தாண்டியதும் கேட்பார்: "இன்னைக்கி என்னா சொன்னாங்க?"

என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு வாரம், ஆசை வந்தால் ஒன்றிலிருந்து நூறு வரை மெதுவாக எண்ண வேண்டும், அப்போதும் போகாவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றேன். அடுத்த வாரம், கொத்தமல்லி விதையை மெல்லச் சொன்னார்கள் என்றேன். இன்னொரு வாரம் கற்பனை வறண்டு போய், பிரிக்காத கட்டு ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், பிரிக்கவே கூடாது, எதிரி கண் முன்னால் இருந்தால்தான் பயம் போகும் என்றேன். அப்பா ஒவ்வொன்றையும் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

குழந்தை பிறந்தது. நான் கடலூர் போவதை நிறுத்தினேன், சிகரெட்டை நிறுத்தவில்லை. அந்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. கொல்லையில் முருங்கை மரத்தடியில், குளியலறைக் கதவுக்குப் பின்னால், சாப்பாட்டுக்கு நடுவில்கூட, அப்பாவின் கம்மிய குரல் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரே சீர், ஏற்ற இறக்கம் இல்லை. பக்கத்து அறையில் இருந்தால் யாரோ சுவருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். வயதானால் இப்படித்தான், ஏதாவது நாமம் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். சட்டைப் பையில் பீடிக் கட்டு எப்போதும் இருந்ததால் அவர் புகைக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் மகள் எண்களைக் கற்றுக்கொண்டது அந்த முணுமுணுப்பில்தான். அதனால் அவள் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க மாட்டாள். முப்பத்தாறு என்பாள், அல்லது எண்பது என்பாள்.

போன மார்கழியில் ஒரு காலை, அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். கோலப்புள்ளியோடு சேர்த்து அம்மாவும் மனதுக்குள் எண்ணுவது வழக்கம். நாற்பத்தாறு என்று கேட்டது. நாற்பத்தேழுக்காக அம்மா காத்திருந்தார். வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அப்பாவின் கை சட்டைப் பையின் மேல் இருந்தது, கண் திறந்திருந்தது.

பதினாறாம் நாள் வருவதற்குள் புயல் வந்துவிட்டது. உங்களில் பலர் வர முடியாமல் போனது அதனால்தான். கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடு முழுக்க மரங்கள். வாழை இலைக்கு மட்டும் பஞ்சமில்லை, தோப்பு தோப்பாகத் தரையில் கிடந்தது. பிண்டம் வைத்து எவ்வளவோ நேரம் கூப்பிட்டும் ஒரு காக்கை வரவில்லை. புயலோடு அவை எங்கேயோ போய்விட்டன என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

நடுப்பகலில் வீட்டுக்குள் படையல் போட்டோம். அவருக்குப் பிடித்த மீன் குழம்பு, முருங்கைக் கீரை, ஒரு டம்ளர் டீ. அப்போது என் தாய்மாமன், அப்பாவின் சட்டையில் இருந்து எடுத்து வைத்திருந்த பீடிக் கட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"மச்சான் கடைசி மூச்சு வரைக்கும் இத வச்சிருந்தாரு. இது இல்லாம அவுரு எப்புடி வந்து உக்காருவாரு? பத்த வச்சி இலையில வை தம்பி."

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அழுகிறார் என்று எடுத்துக்கொண்டோம். கட்டின் நூலை அறுத்தபோதுதான் கவனித்தேன். மேலே சுற்றிய தாள் வெயிலிலும் வியர்வையிலும் வெளுத்து, எழுத்தே தெரியவில்லை. பீடி இலைகள் பொடியும் அளவுக்குக் காய்ந்திருந்தன. ஒரு நாளில் கட்டைத் தீர்க்கிறவரின் பையில் இவ்வளவு பழைய கட்டு எப்படி இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் எல்லோரும் காத்திருந்தார்கள். பீடியை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்துப் பற்றவைத்து இலை ஓரத்தில் வைத்தேன். பிறகு வழக்கப்படி எல்லோரும் வெளியே வந்து, இறந்தவர் தனியாக வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தினோம். உள்ளே யாரும் இல்லை. மகள் என் மனைவியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கரண்ட் இல்லாத தெருவில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மின்விசிறி இல்லை, டிவி இல்லை, சலசலக்க மரத்தில் இலைகூட இல்லை. விழுந்த மரத்தைப் பற்றி மாமா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் நின்றது.

கதவுக்கு உள்ளேயிருந்து, கம்மிய குரலில், "நாப்பத்தேழு" என்று கேட்டது.

பிறகு நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. அதே சீர். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் உதடுகள் கூடவே அசைந்துகொண்டிருந்தன, முகத்தில் பயமே இல்லை. அறுபது, எழுபது, எண்பது. மாமா இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். நூறு என்று கேட்டதும் அம்மா எழுந்து போய்த் தானே கதவைத் திறந்தார்.

ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பீடி மட்டும் அணைந்திருந்தது. நகக்கண் அளவுகூட எரியவில்லை.

பக்கத்து வீட்டுச் சத்தம் என்று மாமா பிறகு சொன்னார். நம்புவது உங்கள் விருப்பம். அம்மா அதன் பிறகு சொன்னது மட்டும் நிச்சயமாக நடந்தது. அப்பா பீடியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தக் கட்டுதான் அவர் கடைசியாக வாங்கியது, ஒரு முறையும் பிரிக்காதது. ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டு முடிக்காத கதையையும் அம்மா சொன்னார். தாத்தாவின் பதினாறாம் நாள் படையலில், மூத்த பிள்ளை என்று பன்னிரண்டு வயதுப் பையன் கையில் பீடியைக் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் அவருடைய முதல் இழுப்பு. தன் படையலில் தன் மகன் அப்படிப் பற்றவைக்கக் கூடாது என்பதற்காகவே விட வேண்டும் என்று கிடந்திருக்கிறார். எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவைத் தடுத்ததும் அவரே. நான் இன்னும் விடவில்லை, எனக்கு முன்னால் அவர் விட்டது தெரிந்தால் நான் கூசிப்போவேனாம்.

அவருக்குச் சொன்னதெல்லாம் நான் இட்டுக்கட்டியது அம்மா, ஒன்றுகூட ஆஸ்பத்திரியில் சொன்னது இல்லை என்று நான் அழுதேன்.

"அது அவுருக்குத் தெரியும்டா" என்றார் அம்மா. "நீ பின்னால போயி சிகரெட்டு குடிக்க ஆரம்பிச்ச மொத வாரமே பாத்துட்டாரு. பொறவு ஏன் அதையே புடிச்சிக்கினு எண்ணுறீங்கன்னு கேட்டேன். எனக்குன்னு சொல்றதுக்கு வேற ஆளு யாரு இருக்கான்னாரு."

உறவினர்களே, நண்பர்களே, உங்கள் வீட்டில் அறுபதிலோ எழுபதிலோ ஒருவர் விட வேண்டும் என்று கேட்டால், இந்த வயசில் என்ன என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் முடியாது என்றால் இன்னொருவரிடம் போங்கள். அப்பாவுக்கு நான் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான். கடைசி மூன்று வருடம் அவர் மூச்சு வாங்காமல் படி ஏறினார். அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அரிவாளோடு வந்து வழியில் கிடந்த மரங்களை வெட்டித் தள்ளி எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கும், காட்டுமன்னார்கோயிலிலிருந்து மாவு மில் வண்டியில் அரிசி ஏற்றி அனுப்பியவர்களுக்கும், அப்பாவின் உடல் தெருவைத் தாண்டும்வரை ஹாரன் அடிக்காமல் வண்டிகளை நிறுத்தி இறங்கி நின்ற ஓட்டுநர், நடத்துநர் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. இந்த ஆண்டுப் படையலுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து பீடி வாங்கி வராதீர்கள்.

நான் அன்று பற்றவைத்ததுதான் என் கடைசி இழுப்பு. ஆசை வரும்போது நானும் எண்ணுகிறேன். இந்தக் கட்டுரையைக் கொல்லையில் உட்கார்ந்து எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை நூறு வந்துவிட்டது. அதில் இரண்டுதான் நான் எண்ணியது.