கறுக்காத சக்கரம்

அவர் என் மேலதிகாரி. பந்தயக் கார் மாதிரி ஒரு சிவப்பு செடான் வைத்திருந்தார். எங்கே நிறுத்தினாலும் இறங்கி, கைக்குட்டையால் வெள்ளிநிறச் சக்கரங்களைத் துடைப்பார். பிறகு அதே கைக்குட்டையால் முகத்தையும்.

ஒரு நாள் பிரேக் பேட் மாற்ற கரோல் பாக் உதிரிபாகக் கடைத்தெருவுக்கு என்னையும் அழைத்துப் போனார். ஊரை மூடிய குளிர்காலப் புகைமூட்டத்தில் எதிர்க்கடையே தெரியவில்லை. அவரோ, தேய்ந்தாலும் சக்கரத்தில் கரும்பொடி படியாத பேட்தான் வேண்டுமென்று கடைக்காரரைக் குடைந்தெடுத்தார்.

"வண்டி நிக்குமான்னும் கேளுங்க சார்" என்றேன்.

"அதெல்லாம் நிக்கும்யா. வீல் கறுத்தா அசிங்கம்."

இருப்பதிலேயே உசத்தியானதை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். கோல் மார்க்கெட் அருகே முன்னால் போன பஸ் நின்றது. அவர் ஹாரனை அழுத்தினார்.

"சார், பிரேக்!"

"புது பேட்யா. அதுக்குள்ள தேய்க்கணுமா?" என்றபடி வண்டியை ஒடித்துத் திருப்பினார்.

வீடு வரைக்கும் பிரேக்கை மிதித்தவன் நான் ஒருவன்தான். என் காலடியில் பிரேக் இல்லை, அது ஒன்றுதான் குறை.